எடை போட்டுத் தைத்த தலையணைகள்

எங்கள் வீட்டில் இப்போது ஆளுக்கொரு எடையில் தலையணை இருக்கிறது. அத்தைக்கு 900 கிராம், எனக்கு 1.1 கிலோ, என் கணவருக்கு 1.3, மகளுக்கு 700 கிராம். விருந்தாளிகளுக்கென்று 1.1 கிலோவில் இரண்டு. அதற்கு மேல் ஒரு நீளத் திண்டு, தரையில் போட்டு உட்கார இரண்டு சதுர மெத்தைகள். எல்லாமே இலவம்பஞ்சு. பாதிக்கு மேல் என் கல்யாணச் சீரில் வந்த பழைய மெத்தையிலிருந்து பிரித்த பஞ்சு. மீதியில் கொஞ்சம் இந்தப் பங்குனியில் பறித்த காயிலிருந்து நாங்களே எடுத்தது, கொஞ்சம் கடையில் வாங்கியது.

பார்த்தவர்கள் எல்லாரும் தையலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன மிஷின், எப்படி வெட்டினாய், ஓரம் எப்படி இவ்வளவு சீராக வந்தது என்று. தலையணையில் தையல் ஒரு மதிய வேலைதான். நான்கு நேர்கோடு, அவ்வளவே. படுத்தால் சுகமாக இருக்குமா, கழுத்து பிடித்துக்கொள்ளுமா என்பதைத் தீர்மானிப்பது உள்ளே போகும் பஞ்சின் தரமும் எடையும். அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி பஞ்சைப் பற்றித்தான்.

சீரில் வந்த அந்த மெத்தை 6 அடிக்கு 3 அடி. கோடு போட்ட கெட்டித் துணி, நடுநடுவே நூல் கோத்து இழுத்துக் கட்டியது. பல வருஷம் படுத்து நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. மெத்தைக் கடையில் பிரித்துத் தைத்துத் தருவீர்களா என்று கேட்டால், பழசைப் போட்டுவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பழசுக்குக் கழித்துக்கொள்வதாகச் சொன்ன தொகையைக் கேட்டதும் அத்தை, “அந்தக் காசுக்கு நம்ம வீட்டுப் பூனை படுக்கட்டும்மா” என்று சொல்லிவிட்டார். சரி, நாமே பிரிப்போம் என்று ஆரம்பித்தோம்.

முதலில் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனோம். காற்றே இல்லாத மாதிரிதான் இருந்தது. ஒரு பக்கத் தையலைப் பிரித்து ஒரு கைப்பிடி பஞ்சை வெளியே எடுத்த உடனே, காற்று இருப்பது தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டுக் கொடியில் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. மேலே எழுத ஒன்றுமில்லை.

இலவம்பஞ்சைக் கையாள மூடிய இடம் வேண்டும். ஆனால் கதவை அடைத்துக்கொண்டு அறைக்குள் வேலை செய்தால் அலமாரி மேலும் மின்விசிறி இறக்கையிலும் பஞ்சு ஏறிவிடும். இதற்குக் கிடைத்த நல்ல வழி பழைய கொசுவலை. இரட்டைக் கட்டிலுக்கான நைலான் வலை ஒன்று கிழியாமல் இருந்தது. அறையின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி வலையைத் தொங்கவிட்டு, கீழே தார்ப்பாய் விரித்து, வலையின் ஓரத்தைத் தார்ப்பாய்க்கு அடியில் சொருகினோம். உள்ளே இரண்டு பேர் உட்காரலாம். பஞ்சு பறந்தாலும் வலையில் ஒட்டி நிற்கும். வேலை முடிந்ததும் வெளியிலிருந்து தட்டினால் கீழே விழும். மின்விசிறி கிடையாது. மதுரை வெயிலில் இது ஒரு தண்டனைதான், ஆகவே காலை ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் மட்டும்.

மூக்குக்கு N95 முகக்கவசம். துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று அத்தை சொன்னார், போதாது. பழைய மெத்தைத் தூள் துண்டுக்குள் நுழைந்து தும்மல் நிற்கவே இல்லை. கண்ணுக்கு வண்டி ஓட்டும் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். மகள் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறாள். பருத்தி நைட்டியை விட வழுவழுப்பான செயற்கை நூல் நைட்டியில் பஞ்சு குறைவாக ஒட்டுகிறது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, இது சட்டென்று தீப்பிடிக்கிற பஞ்சு. வேலை நடந்த நாட்களில் அந்தப் பக்கம் கொசுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் இல்லை. சாயங்கால விளக்கைக்கூட அத்தை தரையைத் துடைத்து முடித்த பிறகுதான் ஏற்றினார்.

எடை போடுவதில் ஒரு சிக்கல் வந்தது. சமையலறைத் தராசில் பஞ்சுப் பையை வைத்தால் பை தராசையே மூடிவிடுகிறது, எண் தெரிவதில்லை. ஊருக்குப் போகும்போது சூட்கேஸைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்ன மின்தராசு ஒன்று இருந்தது. பழைய வேட்டியை மடித்துத் தைத்த பையில் பஞ்சைப் போட்டு, அந்தக் கொக்கியில் மாட்டினால் 10 கிராம் துல்லியத்தில் காட்டும். இந்த வேலையில் கத்தரிக்கோலுக்கு அடுத்து நான் அதிகம் தொட்டது இதைத்தான்.

மெத்தை துணியோடு 12.8 கிலோ. துணி மட்டும் 1.3. ஆக, உள்ளே பதினொன்றரை கிலோ பஞ்சு. இதில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று பிரிப்பதுதான் முதல் வேலை. ஒரு சிட்டிகை பஞ்சை உள்ளங்கையில் வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டுக் கையை விரிக்க வேண்டும். நல்ல பஞ்சு மெல்ல எழும்பி வரும், பட்டு மாதிரி மினுக்கும். கெட்டது அப்படியே சப்பையாகக் கிடக்கும், விரலில் பழுப்பாகத் தூள் ஒட்டும். இலவ இழை ஒவ்வொன்றும் உள்ளே வெறும் காற்று நிறைந்த நுண்குழாய், சுவர் மிக மெல்லியது. வருஷக்கணக்கில் உடம்பின் எடையைத் தாங்கித் தாங்கி அது நொறுங்கிவிடுகிறது. எங்கள் மெத்தையில் இடுப்பும் தோளும் படுகிற இடத்தில் பஞ்சு அடைபோல் இறுகி, பிய்த்தால் புழுதியாக உதிர்ந்தது. கால்மாட்டிலும் நான்கு ஓரங்களிலும் கிட்டத்தட்ட புதுசு மாதிரி இருந்தது. அடையை அடித்து மீட்கலாம் என்று முயன்றேன். அடிக்க அடிக்கத் தூள்தான் கூடியது. பிரித்து முடித்தபோது ஏறக்குறைய 4 கிலோ குப்பைக்குப் போனது. ஏழரை கிலோ தேறியது. மெத்தைத் துணியின் மடிப்புகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டோம், நல்லவேளை இல்லை.

தேறிய பஞ்சை வேட்டிப் பைகளில் தளர்வாக நிரப்பி வாயைக் கட்டி மாடியில் காயப்போட்டோம். பைக்குள் இருப்பதால் பறக்காது, மெல்லிய துணி என்பதால் சூடு உள்ளே இறங்கும். மணிக்கு ஒருமுறை புரட்டி, உதறிவிட வேண்டும். மாலையில் எடுத்தபோது பைகள் ஊதின பலூன் போல் உப்பியிருந்தன. இரண்டு வெயில் போதும். வெயில் நல்லதுதானே என்று வாரக்கணக்கில் போட்டால் இழை முறுகி உடையும்.

பழைய பஞ்சு மட்டும் போட்டால் தலையணை சீக்கிரம் அமுங்கும். புதுசு கலக்க வேண்டும். கடமலைக்குண்டு பக்கம் சித்தப்பா தோட்டத்து வேலியில் இலவ மரங்கள் உண்டு. தேனி மாவட்டத்தில் வருசநாடு, போடி மலையடிவாரம் முழுக்க இந்த மரம்தான்; போடிநாயக்கனூரில் இலவம்பஞ்சு வியாபாரம் பெரிசு. மாசி, பங்குனியில் காய் முற்றும். காய் தானாக வெடித்தால் பஞ்சு ஊர் முழுக்கப் போய்விடும் என்பதால் வெடிக்கும் முன்பே பறித்து, களத்தில் காயவைத்து உடைப்பார்கள். சித்தப்பா ஒரு சாக்குக் காயைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். எடை 12 கிலோ. ஓட்டை உடைத்துப் பார்க்கிறவரைக்கும் நிறையப் பஞ்சு வரும் என்றுதான் நினைப்பு. கடைசியில் ஓடு ஐந்தரை கிலோவுக்கு மேல், கொட்டை மூன்றரைக்குக் கிட்டே, பஞ்சு 2.2 கிலோ. மிச்சம் தூசியும் நடுத்தண்டும்.

பருத்தியோடு பழகியவர்களுக்கு இலவத்தில் ஒரு ஆச்சரியம் உண்டு. பருத்தியில் இழை கொட்டையிலிருந்தே முளைத்திருக்கும், பிய்த்து எடுக்க இயந்திரம் வேண்டும். இலவத்தில் இழை காயின் உட்சுவரிலிருந்து வருகிறது. கொட்டைகள் பஞ்சுக்குள் சும்மா சிக்கிக் கிடக்கும், ஒட்டியிருக்காது. உலுக்கினாலே உதிரும். எனவே பஞ்சை விரித்துக் கொட்டையைக் கீழே விழவைத்தால் போதும். கொட்டை தங்கிவிட்டால் படுக்கும்போது குத்தும், எலிக்கும் அழைப்பு வைத்த மாதிரி ஆகிவிடும்.

என் கணவர் டிரில் மிஷினில் பெயிண்ட் கலக்கும் தண்டை மாட்டிக் கொண்டுவந்தார். அரை நிமிஷத்தில் பஞ்சு முழுக்கத் தண்டில் சுற்றிக்கொண்டு ஒரு கெட்டி உருண்டையாகிவிட்டது, கொட்டைகளும் உருண்டைக்குள்ளேயே. வேகத்தைக் குறைத்துப் பார்த்தார், உருண்டை உருவாகக் கொஞ்சம் அதிக நேரம் ஆனது, அவ்வளவுதான். அத்தை ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து கயிறு போட்டுக் கடையும் பெரிய மத்தை இறக்கச் சொன்னார்.

மத்து ஏன் வேலை செய்கிறது என்று பிறகு யோசித்தபோது விளங்கியது. கயிற்றின் ஒரு பக்கத்தை இழுத்தால் மத்து ஒரு திசையில் சுழலும், மறுபக்கம் இழுத்தால் எதிர்த்திசை. பஞ்சு சுற்றிக்கொள்ள ஆரம்பிப்பதற்குள் திசை மாறிவிடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் பஞ்சு உதறிக்கொண்டு மேலே எழும்ப, கனமான கொட்டை அடியில் இறங்குகிறது. 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மின் அடியிலிருந்து நாலு அங்குல உயரத்தில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைச் செங்கல் துண்டுகள் மேல் உட்காரவைத்தோம். கொட்டைகள் வலைக்குக் கீழே போய்ச் சேர்ந்தன. முதலில் கால் அங்குலக் கண் வலை போட்டிருந்தோம், கொட்டை கண்ணில் சிக்கி அடைத்துக்கொண்டது. டிரம்மில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பஞ்சு போடக் கூடாது, எழும்ப இடம் வேண்டும். ஒரு முறைக்கு 150 கிராம் சுமாராகச் சரியாக இருந்தது. கொசுவலைக்குள் அத்தை மத்தைப் பிடிக்க, நான் கயிறு இழுக்க, தோள்பட்டைக்கு நல்ல வேலை.

பழைய பஞ்சையும் இதே டிரம்மில் ஒரு சுற்று விட்டோம். மெத்தை தைத்தவர் விட்டுவைத்த கொட்டைகள் அதிலிருந்தும் ஒரு படி வந்தன! கொட்டை முழுவதையும் மாடு வைத்திருக்கும் தெருக்கோடி வீட்டில் கேட்டார்கள். செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்த பிண்ணாக்குத்தான் மாட்டுக்குத் தீவனம், அப்படியே போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. சித்தப்பாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். ஓடு வெந்நீர் அடுப்புக்குப் போனது.

போதாத குறைக்கு 3 கிலோ பஞ்சு கடையில் வாங்கினேன், கிலோ 320 ரூபாய். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஒரு கைப்பிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கிவிட வேண்டும். இலவ இழையின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஏறாது. கையை எடுத்ததும் துள்ளி மேலே வந்து மிதக்கும். இந்தக் குணத்துக்காகத்தான் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் இந்தப் பஞ்சை அடைத்தார்கள். கழிவுப் பருத்தி கலந்திருந்தால் அந்த இழைகள் நனைந்து கனத்துக் கீழே இறங்கும். முதல் கடைப் பஞ்சில் கால்வாசி இறங்கியது. வேறு கடையில் வாங்கினேன்.

கையில் இப்போது பழசு 7.5, காயிலிருந்து 2.2, கடைப் பஞ்சு 3. மொத்தம் 12.7 கிலோ. தலையணைகளுக்குப் பாதிக்குப் பாதி பழசும் புதுசும். திண்டுக்கும் உட்காரும் மெத்தைக்கும் பழசு அதிகம், அவை எப்படியும் கெட்டியாக இருக்க வேண்டியவை. கலப்பதும் டிரம்மில்தான், ஒவ்வொரு தலையணைக்கும் தனித்தனியாக எடை போட்டு.

துணி பற்றி. வீட்டில் இருந்த பழைய படுக்கை விரிப்பில் ஒன்று தைத்துப் பார்த்தேன். பாலியஸ்டர் கலந்தது, நெசவு இடைவெளி அதிகம். காலையில் எழுந்தால் முகத்தில் மீசை முளைத்த மாதிரி இழை. மெத்தைக்கென்றே விற்கும் கோடு போட்ட கெட்டிப் பருத்தித் துணி வாங்க வேண்டும். கடையில் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் வைத்த கையில் காற்று லேசாகத்தான் பட வேண்டும். 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) ஆறரை மீட்டர் எடுத்தேன், மீட்டர் 160. வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டேன். மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் சுருங்கியது. நனைக்காமல் தைத்திருந்தால் முதல் சலவையில் ஓரம் இழுத்துக்கொண்டிருக்கும்.

தலையணையின் முடிந்த அளவு 16க்கு 24 அங்குலம். இரட்டை மடிப்பாக ஓரம் தைக்க, அதாவது முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து கால் அங்குலம் தைத்து, பிறகு உட்புறத்தை வெளியே திருப்பி ⅜ அங்குலத்தில் ஒரு தையல் போட, ஒவ்வொரு பக்கமும் ⅝ அங்குலம் விட வேண்டும். எனவே வெட்டும் அளவு 17¼க்கு 25¼. பன்னாவில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு துண்டு வரும், ஒரு தலையணைக்கு 65 சென்டிமீட்டர் துணி. ஊசி 16ஆம் நம்பர். 14இல் தைத்தபோது நான்கு மடிப்பு சேரும் மூலையில் ஊசி உடைந்தது. தைத்து முடித்ததும் மெழுகுவர்த்தியை எடுத்து உள்பக்கம் தையல் கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்தேன், ஊசித் துளை வழியே பஞ்சு வராமலிருக்க. எவ்வளவு உதவியது என்று அளக்க முடியாது. ஆனால் மெழுகு தேய்க்காத ஒன்றின் ஓரத்தில் மட்டும் வெள்ளைப் பொடி மாதிரி இழை எட்டிப்பார்க்கிறது.

பஞ்சு திணிக்க ஒரு குட்டைப் பக்கத்தில் வாய் விட வேண்டும். நான்கு அங்குலம் விட்டதில் கையே நுழையவில்லை. எட்டு அங்குலம் விடுங்கள். முதலில் எதிர்ப்பக்கத்து இரண்டு மூலைகள். சப்பாத்திக் கட்டையின் முனையால் மூலைக்குள் தள்ளி இறுக்கிவிட்டு, அப்புறம் நடுவை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டால் உருண்டை உருண்டையாக நிற்கும், தலை வைத்தால் தெரியும். இரண்டு கையாலும் அள்ளிப் பெரிய பெரிய அள்ளாகப் போடுவது நல்லது.

இப்போது எடைக்கு வருகிறேன். கடைத் தலையணையைத் தூக்கிப் பார்த்த ஞாபகத்தில் முதல் தலையணைக்கு 1.6 கிலோ திணித்தேன். பார்க்க அழகு, நிமிர்ந்து நின்றது. படுத்தால் தலை உள்ளே இறங்கவே இல்லை, கழுத்துக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அமுங்கிச் சரியாகிவிடும் என்று ஒரு வாரம் படுத்தேன், அமுங்கியது கழுத்துத்தான். பிரித்து 1.1க்குக் குறைத்தேன். தைத்த அன்று நடு உயரம் 7 அங்குலம், ஒரு மாதத்தில் 5 அங்குலத்தில் வந்து நின்றது. எனக்கு அதுதான் அளவு.

அதன் பிறகுதான் ஆளாளுக்கு அளந்தால் என்ன என்று தோன்றியது. மல்லாந்து படுப்பவர்களுக்குத் தாழ்வாகவும், ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோள் அகலத்தை நிரப்பும் அளவுக்கு உயரமாகவும் வேண்டும். அவர் ஒருக்களித்துத்தான் படுப்பார், தோளும் அகலம். 1.3இல் ஆரம்பித்தோம். அத்தை காலங்காலமாகப் புடவையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தவர். 1.1ஐக் கொடுத்ததும் “மலை மேல ஏத்தி விட்டுட்டியேம்மா” என்றார். நூறு நூறாகக் குறைத்து 900இல் நின்றார். மகளுக்கு 700. கடையில் இப்படி ஒரு தலையணை கேட்டு வாங்கவே முடியாது. அங்கே கண்ணுக்குப் பருமனாகத் தெரிவதுதான் நல்ல தலையணை.

வாயை மூடுவதற்கு வீட்டில் இருந்த கோணி ஊசியால் தைத்தேன். தையல் உறுதி, துளையோ பெரிசு, அது வழியாகவே பஞ்சு வந்தது. பிரித்துவிட்டுச் சாதாரணத் தையல் ஊசியில் இரட்டை நூல் கோத்து நெருக்கமாகத் தைத்தேன். எல்லாவற்றிலும் அந்த எட்டு அங்குலத்தை மட்டும் சிவப்பு நூலில் தைத்திருக்கிறேன். நாளைக்குப் பஞ்சு கூட்டவோ குறைக்கவோ எந்தப் பக்கம் பிரிக்க வேண்டும் என்று தேட வேண்டாம். ஜிப் வைக்கலாமே என்று தங்கை கேட்டாள். ஜிப்பின் பல் இடுக்கு வழியே இந்தப் பஞ்சு வெளியே வந்துவிடும்.

திண்டு 9 அங்குல விட்டம், 30 அங்குல நீளம், உள்ளே 2.4 கிலோ. வட்ட முனைகளைத் தைப்பது எனக்குப் பொறுமையைச் சோதித்த ஒரே தையல். வட்டத்தையும் உருளையையும் நான்கு சம பாகமாகக் குறித்து, குறிக்குக் குறி பொருத்திக் கையால் ஓட்டுத்தையல் போட்டுவிட்டு அப்புறம் மிஷினில் ஓட்டினால் சுருக்கம் விழாது. உட்காரும் மெத்தைகள் 20 அங்குலச் சதுரம், ஒவ்வொன்றும் 1 கிலோ. பஞ்சு ஓரத்துக்கு ஒதுங்காமலிருக்க நடுவில் ஐந்து இடத்தில் கெட்டி நூல் கோத்து மேலும் கீழும் பட்டன் வைத்து இழுத்துக் கட்டினேன். திண்ணை இல்லாத வீட்டில் ஜன்னலோரம் அதைப் போட்டு, முதுகுக்குத் திண்டை வைத்தால் மாலைக் காபிக்கு ஒரு இடம் ஆகிவிட்டது. அத்தை பூத் தொடுப்பதும் இப்போது அங்கேதான்.

மேலுறைகளுக்குத் துணி வாங்கவில்லை. அத்தையின் பழைய சுங்குடிச் சேலைகள் இரண்டு, உடல் நைந்து முந்தியும் ஓரமும் நன்றாக இருந்தவை. துவைத்துத் துவைத்துச் சுங்குடி பஞ்சைவிட மெத்தென்று ஆகியிருக்கும். புள்ளிகள் தெரியும்படி வெட்டி, ஒரு பக்கம் 6 அங்குலம் உள்ளே மடிந்து நிற்கும் உறையாகத் தைத்தேன்; பட்டன், நாடா எதுவும் கிடையாது. கன்னத்தில் எதுவும் உறுத்துவதில்லை. நைந்த இடத்தைத் தவிர்த்து வெட்டியதில் ஒரு சேலைக்கு மூன்று உறை வந்தது. வாரம் ஒருமுறை உறையை மட்டும் துவைத்தால் போதும், தலையணையை நனைக்கக் கூடாது. உள்ளே புகுந்த ஈரம் சீக்கிரம் வெளியேறாது, பஞ்சு கட்டி தட்டிவிடும். மாதம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டுகிறோம்.

செலவு: துணி 1,040, கடைப் பஞ்சு 960, காய்ச் சாக்குக்குப் பேருந்துக் கட்டணம் 60, நூல் 45, ஊசி 30, முகக்கவசங்கள் 100. மொத்தம் 2,235 ரூபாய். டிரம், கம்பி வலை, மத்து, கொசுவலை வீட்டில் கிடந்தவை. காய்க்குச் சித்தப்பா காசு வாங்கவில்லை, மகள் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைக் கேட்டதோடு சரி. என் நேரத்தைக் கணக்கில் சேர்த்தால் கடையில் வாங்குவது மலிவு என்று வாதிடலாம். நான் வாதிடப் போவதில்லை, அந்தக் காலை மூன்று மணி நேரம் கைபேசி இல்லாமல் கழிந்ததற்கு விலை போடத் தெரியவில்லை.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். காயைப் பங்குனியில் வாங்கினாலும் உடைப்பதை வெயில் தணியும் மாதத்துக்குத் தள்ளுவேன். சாக்கில் கட்டி ஈரம் படாமல் உயரத்தில் வைத்தால் காய் அப்படியே இருக்கும், கொசுவலைக்குள் மின்விசிறி இல்லாமல் வேக வேண்டாம். பழைய மெத்தையை முழுதாகப் பிரிப்பதற்கு முன், ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு இடத்தில் சின்னதாகக் கிழித்து உள்ளங்கைச் சோதனை செய்துவிட்டு, தேறும் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பேன். அந்த 4 கிலோ புழுதியைத் தொடாமலேயே விட்டிருக்கலாம். துணியில் இன்னும் நெருக்கமான நெசவு கிடைத்தால் மீட்டருக்கு 40, 50 ரூபாய் கூடக் கொடுப்பேன். முதல் தலையணையின் வாயை உடனே நெருக்கமாகத் தைத்து மூடாமல் பெரிய ஓட்டுத்தையலில் தற்காலிகமாக மூடி, பத்து நாள் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் முழுசாகத் தைப்பேன்.

மீதி ஏறக்குறைய 2 கிலோ பஞ்சு வேட்டிப் பையில் பரண் மேல் இருக்கிறது, எலி ஏறாமல் தகர டப்பாவுக்குள். அதில் 100 கிராமுக்கு இப்போதே கேட்பு வந்துவிட்டது: 1.3 அமுங்கிவிட்டதாம், அவருக்கு 1.4 வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை சிவப்பு நூலைப் பிரிக்க வேண்டும்.